எலி பிழைத்த ஊசி

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை தர்மபுரிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்கிறோம். ஹார்மோன் போன்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஊசி எலிகளின் கிட்னியைச் சரிசெய்ததாகப் படித்தோம். ஆன்லைனில் கிடைக்கிறது. கறவை மாட்டை விற்று வாங்கலாமா? பாட்டில் படம் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாத வாசகி, பென்னாகரம்

பதில்: வாங்காதீர்கள். மாட்டையும் விற்காதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல’ என்று லேபிளின் அடியில் பொடி ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள்.

எலிக்கு வந்தது வேறு பாதிப்பு, அம்மா. இந்த மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலும் நல்ல கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாயைக் கிளிப் போட்டுக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு, சூட்டோடு சூடாக மருந்து கொடுப்பார்கள். கடலைக்காட்டில் கண்ணாடிவிரியன் கடித்தவருக்குத் திடீரென்று கிட்னி நின்றுபோகிறதே, அந்த வகை. அவர்களில் பலர் சில வாரம் டயாலிசிஸ் செய்து மீண்டுவிடுகிறார்கள். அப்பாவுடையது சர்க்கரை வருஷக்கணக்காக அரித்துத் தழும்பேறிப்போன கிட்னி. அதை மறுபடி வேலை செய்ய வைக்கும் ஊசி இன்று எவரிடமும் இல்லை.

திடீர்ப் பாதிப்பிலாவது மனிதருக்குப் பலித்ததா? 1981-இல் கனடாவில் டி போல்ட் என்பவர் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். உப்பும் சிறுநீருமாகக் கொட்டியது. அந்தச் சாற்றில் இருந்த பெப்டைடு பிறகு விலங்குகளின் கிட்னியையும் காப்பாற்றியது. 1997-இல் 504 நோயாளிகளிடம் சோதித்த முடிவு வந்தது. 21 நாள் டயாலிசிஸ் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள், மருந்து போட்டவர்களில் 43 சதவீதம், போடாதவர்களில் 47. சிறுநீர் குறைந்துபோனவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது போலிருந்தது. சரி என்று அப்படிப்பட்ட 222 பேரிடம் தனியாகப் பார்த்தார்கள். அங்கும் பலன் இல்லை. பிரஷர் இறங்கியதுதான் மிச்சம்.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அப்பா கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தால் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள், விர்ரென்று அதிரும். பிரஷர் சட்டென்று இறங்கினால் அங்கே ரத்தம் உறைந்து அந்த அதிர்வு நின்றுபோகலாம். அப்புறம் டயாலிசிஸுக்கே வேறு வழி தேட வேண்டிவரும்.

எல்லாப் பெப்டைடையும் ஒதுக்கவில்லை. சர்க்கரை நோய்க்கான செமாகுளூடைடு ஊசியை 3,533 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்ததில், பெரிய கிட்னி பாதிப்புகள் 24 சதவீதம் குறைந்தன என்று 2024-இல் முடிவு வந்தது. ஆனால் அது கிட்னியில் இன்னும் உயிர் மிச்சமிருப்பவர்களுக்கு. உங்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ சர்க்கரை இருந்தால் ரத்தத்தில் கிரியேட்டினினையும் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) சிறுநீரில் புரதத்தையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்காக டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாமா? முதலமைச்சர் காப்பீட்டில் அந்த ஆபரேஷனும் வரும். அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.