கிலோ என்ன விலை?

கேள்வி: எழுபதுகளில் வந்து மறைந்துபோன அபூர்வமான ஜாஸ், ப்ராக்ரஸிவ் ராக் ஆர்கன் இசைத்தட்டுகளை இப்போது மறுவெளியீடு செய்கிறார்கள். விலை மூவாயிரத்தைத் தாண்டுகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அபூர்வமா? இந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி அபூர்வம். அவர் எங்கள் தகடூர்க்காரர், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இசைத்தட்டு எப்படி அபூர்வமாகிறது? வந்த காலத்தில் யாரும் வாங்குவதில்லை. கம்பெனி இரண்டாம் முறை அச்சடிப்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வாங்காமையே ஸ்டிக்கர் ஒட்டி விலைக்கு வருகிறது. இந்தக் கணக்கில் எங்கள் இதழின் பழைய பிரதிகளும் புதையல்தான். பரண் நிறையக் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் "இவை அபூர்வமானவை" என்று சொல்லிப் பார்த்தேன். "நனைந்ததா, நனையாததா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனாலும் விற்காதவை எல்லாம் குப்பை அல்ல. 1970இல் 'குவாட்டர்மாஸ்' என்ற ராக் குழு போட்ட இசைத்தட்டு ஓர் உதாரணம். மூன்று பேர், கித்தார்காரர் கிடையாது, ஹார்மோனியம்போல் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மின்வாத்தியமான ஹாமண்ட் ஆர்கன்தான் கதாநாயகன். ஒரே ஆல்பம், மறு வருடமே குழு கலைந்தது. அதே 1970இல் 'எக்' என்ற குழுவும் கித்தார்காரர் இல்லாமல் மூன்று பேரோடு வந்து, ஜெர்மன் இசைமேதை பாக்கின் ஃபியூக் (ஒரே மெட்டு மாறிமாறித் தன்னையே துரத்தும் இசைவடிவம்) ஒன்றையும் வாசித்துத் தீர்த்தது. இவற்றுக்கு நான் பணம் கொடுப்பேன்.

அந்த ஆர்கனுக்குப் பெயர் கொடுத்த லாரன்ஸ் ஹாமண்ட் இசைக்கலைஞர் அல்ல, சிகாகோவில் மின்கடிகாரம் செய்தவர். 1935இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஆர்கனுக்குள் 91 பல்சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழல்கின்றன. சுழற்றும் மோட்டார், கடிகார மோட்டாரைப் போலவே, மின்சாரத்தின் துடிப்புக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவில் வினாடிக்கு 60 துடிப்பு, இங்கே 50. அங்கிருந்து கொண்டுவந்து அப்படியே ஓடவிட்டால் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். சுருதியை மின்வாரியத்தின் பொறுப்பில் விட்ட வாத்தியம்! நம் பக்கத்து மின்வெட்டைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. ஓசூரிலும்தான் எண்பதுகளிலிருந்து கைக்கடிகாரம் செய்கிறார்கள். அங்கிருந்து இன்றுவரை ஓர் ஆர்கன்கூட வரவில்லை.

வாங்குவதற்கு முன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்ததா, யாரோ வைத்திருந்த பழைய தட்டிலிருந்து எடுத்ததா? ஹாமண்டில் கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்றொரு சத்தம் எழும். செய்தவர்கள் அதைக் குறை என்று நினைத்தார்கள். ஜாஸ்காரர்கள் அதில்தான் உயிர் இருக்கிறது என்றார்கள். பழைய தட்டின் கீறல் சத்தத்தை முரட்டுத்தனமாகத் துடைக்கிறவர் இந்த 'டிக்'கையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். நாடாவைப் பற்றி உறையில் ஒரு வரிகூட இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

ஒழுங்கான மறுவெளியீட்டில் எந்த ஆண்டு, எந்த ஸ்டுடியோ, எந்த நாடா என்று அச்சிடுகிறார்கள். நம்மூரில் நாட்டுடைமையான நூல்களை மறுபதிப்புச் செய்யும் புண்ணியவான்கள் பலர் முதற்பதிப்பின் ஆண்டைக்கூடப் போடுவதில்லை. ஆசிரியரின் முன்னுரை காணாமல் போகிறது. எழுத்துப்பிழைகள் மட்டும் புதியவை. முன்பு இதை இங்கே எழுதியதும் ஒரு பதிப்பாளர் கோபித்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்தினார். அவர் இன்னும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்று தெரியும். ஐயா, போன புத்தகத் திருவிழாவில் உங்கள் கடையில் வாங்கிய நாவலில் 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வருகிறது. காணாமல் போன அந்தப் பதினாறு பக்க அச்சுப் பாரத்தை மட்டும் அனுப்பிவையுங்கள். கதாநாயகிக்குக் கல்யாணம் யாரோடு நடந்தது என்று தெரியாமல் வீட்டில் சண்டை நடக்கிறது.