தைத்த பூவும் தீட்டிய பூவும்

அன்புள்ள அக்கா,

தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறேன். முதலில் சதுரமும் முக்கோணமும்தான். பிறகு பூக்களை வெட்டி மேலே வைத்துத் தைத்தேன். இப்போது துணியிலேயே பெயின்ற்றால் பூ வரைகிறேன். "தைக்கத் தெரிந்தவளுக்கு ஏன் இந்த வேலை, இது போர்வையே இல்லை" என்கிறார்கள் வீட்டில். நான் தையலை விட்டு விலகிப் போகிறேனா? இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை, விலகவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டித் தைத்த பூவரசம்பூவில் தையல் நல்ல ஒழுங்கு, ஆனால் பூ வெறும் மஞ்சளாகவே நிற்கிறது. எங்கள் வேலிப் பூவரசு அப்படியா இருக்கும்? விரியும்போது மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு, பின்னேரம் வாட வாட இதழ் முழுக்கச் சிவந்துவிடும். அதைக் காட்டுகிற வெட்டுத்துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. தீட்டிய பூவில் மஞ்சள் காயமுதலே சிவப்பை அதற்குள் இழுத்துவிட்டிருக்கிறீர்கள், ஓர் இதழின் ஓரத்தில் இரண்டும் கலந்து செம்மஞ்சளாக நிற்கிறது. உங்கள் கை ஏன் தூரிகையைத் தேடியது என்பது அந்த ஓரத்தைப் பார்த்தாலே விளங்கும்.

வீட்டில் இதையும் சொல்லுங்கள். சோழமண்டலக் கரையில் கலம்காரிக் கைவினைஞர் பருத்தித் துணியில் பூக்கொடி தீட்டினார்கள், அந்தச் சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும் வேண்டும், டச்சுக்காரர் காலத்தில் அந்த வேர் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் தோண்டப்பட்டு அக்கரைக்குப் போனது. துணி ஐரோப்பாவில் அவ்வளவு விலைப்பட்டதால் பிரான்ஸ் 1686இல் தடை போட்டது, இங்கிலாந்தும் 1721இல் சட்டத்தை இறுக்கி 1774இல்தான் தளர்த்தியது. அங்கே பெண்கள் அந்த அருமையான துணியில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாக வெட்டி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்துப் போர்வை செய்தார்கள். ஆக, போர்வையில் தைத்த அந்தப் பூக்களில் பல முதலில் யாரோ கையால் தீட்டியவை. எங்கள் மண்ணின் வேருக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

சரி, வேலைக்கு வருவோம். காம்பின் ஓரம் நிறம் ஊறிப் பரவியிருக்கிறது. புதுத்துணியை முதலில் நன்றாகத் தோய்த்துக் கஞ்சியைப் போக்குங்கள், இல்லாவிட்டால் நிறம் சரியாகப் பிடிக்காது. பரவுவது தண்ணீர் கூடினதால்தான், மெல்லிய கோடுகளுக்குத் தூரிகையை ஒற்றி எடுத்துவிட்டு இழுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கத்தால், ஆவி இல்லாமல் ஸ்திரிக்கை போடுங்கள், சூட்டில்தான் நிறம் நிலைக்கும்.

பஞ்சும் அடித்துணியும் இதற்குப் பிறகுதான். மூன்றையும் சேர்த்து இதழின் நரம்பு வழியே ஓடுதையல் போடுங்கள். நூல் அமுக்கிய இடம் பள்ளமாகி மற்ற இடம் எழும்பி நிற்கும், அந்த மேடுபள்ளம் தூரிகைக்கு வராது, ஊசிக்குத்தான் வரும். அதனால் ஊசியைக் கைவிட வேண்டாம். புதுப்பூ தேடி ஓடவும் வேண்டாம், பூவரசையே மொட்டாக, விரிந்ததாக, வாடிச் சிவந்ததாகத் தீட்டி ஒரே போர்வையில் சேருங்கள். முடிந்ததும் படம் அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. தையலை அங்கேதான் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா