சால்மனுக்கும் படபடக்கும்: பண்ணை மீன் பற்றிய கேள்வி-பதில்

மீனுக்கு மன அழுத்தமா? கேட்கவே சிரிப்பாக இருக்கிறதே!

'மன' என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள், சிரிப்பு வராது. வலையை இறுக்கினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ சால்மனின் ரத்தத்தில் முதலில் அட்ரினலின் பாயும், அப்புறம் கார்டிசால் ஏறும்; இரண்டுமே அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள். நமக்குச் சுரக்கும் அதே கார்டிசால்தான். ஒரு தடவை பயந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப நடந்தால்தான் கேடு: இரை எடுக்காது, நோய் எதிர்ப்பு சரியும், புண் ஆறாது. உடம்பின் உப்புக் கணக்கும் குலையும். சுற்றிலும் கடல் இருக்க, மீனின் உடம்பில் நீர் வற்றும்.

நெருக்கியடித்து வளர்ப்பதுதானே காரணம்?

ஓரளவுக்கு. சால்மன் பண்ணைகள் மிகுந்த நார்வேயின் சட்டப்படி ஒரு கன மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் கூடாது. கடலில் மிதக்கும் ஒரு வலைக்கூண்டில் 2 லட்சம் மீன்தான் உச்சம். 25 கிலோ என்றால், மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் 5 கிலோ மீன் ஐந்து. ஆனால் மீன்கள் கூண்டு முழுக்கப் பரவி நிற்பதில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் தோதான ஆழத்தில் போய்க் குவியும். கோடையில் நீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனின் தேவை கூடும். நான் முதலில் பார்ப்பது ஆக்சிஜன் மீட்டரைத்தான்.

கடல் பேனைவிட அதற்குச் செய்யும் வைத்தியம்தான் மோசம் என்கிறார்களே, உண்மையா?

பல நேரம் உண்மை. கடல் பேன் என்பது சால்மனின் மேல் ஒட்டிக்கொண்டு தோலைத் தின்னும் சிறு ஒட்டுண்ணி. நார்வேயில் சராசரியாக இரண்டு மீனுக்கு ஒரு வளர்ந்த பெண் பேன் என்ற அளவைத் தாண்டவிடக் கூடாது. இயற்கையாக வாழும் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்த காலத்தில் வரம்பு இன்னும் கடுமை. மருந்துக்குப் பேன் பழகிவிட்டது. அதனால் மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கி, குழாயில் உறிஞ்சி, பேன் உதிர 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போல முக்கி எடுக்கிறார்கள். நமக்கு அது வெந்நீரே இல்லை. பத்து டிகிரியில் கிடந்த மீனுக்கோ அது தாங்காது. துள்ளித் தொட்டியில் முட்டிக்கொள்ளும். பேனை அகற்றச் சில இடங்களில் தூரிகை, சில இடங்களில் நீர்ப் பீச்சல். செதில் உதிரும், மேல் வழவழப்பு போகும். குளிர்காலமென்றால் அந்த இடத்தில் கிருமி ஏறிக் குழிப்புண் விழும். ஏற்கெனவே இதய நோய் இருக்கும் மீன் என்றால் ஒதுக்கும்போதே செத்துப்போகும்.

ஒதுக்கும்போது நீர்ப்பரப்பைக் கவனியுங்கள். அங்கங்கே ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்தால் சரி. வெள்ளை விலாக்கள் புரண்டு, தண்ணீர் உலைபோலக் கொதித்தால் அந்த நிமிடமே வலையைத் தளர்த்த வேண்டும். பம்புக்காரர் அவசரப்படுத்துவார், கேட்காதீர்கள்.

2023இல் நார்வேயின் கடல் கூண்டுகளில் 6 கோடியே 28 லட்சம் சால்மன்கள் செத்தன, 16.7 சதவீதம். காரணங்களில் தொற்றுநோயும் இப்படிக் கையாளும்போது படும் காயமும் முன்வரிசையில் நிற்கின்றன.

பேன் தின்னும் மீன்களைக் கூண்டில் விட்டால் போதாதா?

விடுகிறார்கள். அவையே கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

சில மீன்கள் மெலிந்து, மேல்மட்டத்தில் தனியாக மிதக்கின்றனவே?

கூண்டில் தேங்கிப்போன மீன்கள். இரை கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. இவற்றின் கார்டிசாலும் மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடும் உயர்ந்திருப்பதை நார்வே ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். நாள்பட்ட மனச்சோர்வில் காண்பதைப் போன்ற நிலை. தேறி வருவது அபூர்வம். எடுத்து, வலியில்லாமல் முடித்துவிடுவதே நல்லது.

சாப்பிடுகிறவருக்கு இதில் என்ன?

கொல்லும் முன் துடித்த மீன் தசையின் சர்க்கரையை எரித்து லாக்டிக் அமிலம் சேர்த்துவிடும். சீக்கிரம் விறைக்கும். துண்டு போட்டால் சதை அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும், விரல் வைத்தால் கொழகொழக்கும். அதனால்தான் தலையில் ஒரே அடியிலோ மின்சாரத்திலோ மயக்கிவிட்டுக் கொல்கிறார்கள். கரியமில வாயுவால் மயக்கும் பழைய முறைக்கு நார்வேயில் தடை.

நம்மூர் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்கிறார்களே, அதற்கும் இது பொருந்துமா?

பெயரில் மட்டும்தான் சால்மன். இனம் வேறு, பெரும்பாலும் வலையில் பிடித்து வருவது.