ரூட் கேனால் மருந்து: பாட்டிலைக் காட்டச் சொல்லலாமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, சிரிஞ்சில் ஏதோ தண்ணீரை எடுத்துப் பல்லுக்குள் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். துணி வெளுக்கும் பிளீச் வாடை. திரும்பிப் பார்த்தால், உதவிக்கு நின்ற பெண் லேபிள் இல்லாத வெள்ளைக் கேனிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "கிருமி மருந்துதான்மா" என்றார். பாத்ரூம் கழுவுகிறதையா என் வாயில் ஊற்றினார்கள்? இதற்குச் சட்டம் எதுவும் உண்டா?
- வாசகி, நாமக்கல்

பதில்: வாடையைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட். பிளீச்சில் இருப்பதும் அதே சரக்குதான். ஆனால் அந்த வாடைக்காகப் பயப்பட வேண்டாம். வேர்க்குழாய்க்குள் கம்பி போல ஃபைல் விட்டுச் சுரண்டினாலும் கிளைக் குழாய்களின் மூலை முடுக்குக்கு அது எட்டாது. அங்கே செத்துக் கிடக்கும் சதையைக் கரைத்து, கிருமியையும் கொல்வது இந்தத் திரவம். சலைன் தண்ணீராலோ, குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியாலோ அப்படிச் சதையைக் கரைக்க முடியாது. முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ டேக்கின் கரைசல் என்று பயன்படுத்தியதும் ஏறக்குறைய 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்தான். பல்லுக்கு அந்த 0.5-லிருந்து 5.25 சதவீதம் வரை, சிலர் இன்னும் சற்றுக் கூடுதலாகவும் எடுப்பார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த லேபிள் இல்லாத கேன்தான்.

வீட்டு பிளீச்சை நீர்த்துப் பல்லுக்குப் பயன்படுத்தும் பழக்கம் பல நாடுகளில் வெகுகாலமாக உண்டு. விலை குறைவு என்பதே காரணம். ஆனால் கடையில் கிடைக்கும் சிலவற்றில் வாசனையும் சோப்புச் சரக்கும் கலந்திருக்கும். அதோடு ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும் சரக்கு. எப்போது திறந்தது, எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று எழுதாத கேனில் 3 சதவீதம் இருக்கிறதா, அரை சதவீதம் இருக்கிறதா என்று டாக்டருக்கே தெரியாது. வீரியம் போயிருந்தால் கிருமி தங்கிவிடும். நீங்கள் காசு கொடுத்துச் சிகிச்சை செய்த பல் மறுபடி வீங்கி நிற்கலாம்.

அதைவிட மோசம், மருந்து மாறிப்போவது. ஹைப்போகுளோரைட்டும் மரத்துப்போகப் போடும் மருந்தும் பார்வைக்கு ஏறக்குறைய நிறமற்றவை. பெயர் எழுதாத சிரிஞ்சில் எடுத்து, மரப்பு ஊசிக்குப் பதிலாக இதை ஈறில் குத்திவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சட்டம் இருக்கிறது. மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 என்று பெயர். 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 2020 ஏப்ரல் 1-இலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. கருவி என்றால் இரும்பு, மெஷின் மட்டும் இல்லை. சிகிச்சைக்கென்று தயாரிக்கும் பொருளும் அதில் சேரும். ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பல்லுக்கென்று விற்கும் கரைசலின் பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, உரிம எண் அல்லது பதிவு எண் இருக்க வேண்டும். வெள்ளைக் கேனில் இதில் ஒன்றுமே இல்லை.

அடுத்த சிட்டிங்கில் நாற்காலியில் சாய்வதற்கு முன்னாடியே கேளுங்கள்: "டாக்டர், கழுவுகிற மருந்து எது, பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்களேன்." நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் வெளிச்சம் புகாத பாட்டிலாகத்தான் வரும். தேதியைப் பாருங்கள். ரப்பர் டேம் போடுவீர்களா என்றும் கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் அந்த ரப்பர் விரிப்பு இருந்தால், மருந்து தொண்டைக்கு இறங்காது. இதை நான் பாட்டிலுக்குச் சமமாகவே முக்கியம் என்பேன்.

இரண்டு மூன்று நாள் லேசாக வலிப்பது வழக்கம். ஆனால் மருந்து பீய்ச்சும்போதே சுரீரென்று தாங்க முடியாத வலி, சில நிமிடத்தில் கன்னம் வீங்குவது, அப்புறம் கறுத்துக் கன்றிப்போவது என்றால், மருந்து வேர் நுனியைத் தாண்டிப் போயிருக்கலாம். அப்போதே சொல்லுங்கள், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

கேள்வி: நானே ஆன்லைனில் நல்ல மருந்து வாங்கிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுக்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ஏதாவது ஆனால் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழலாம். டாக்டர் ஈ.டி.டி.ஏ. (குழாய்ச் சுவரில் ஒட்டிய தூளைக் கரைப்பது), குளோர்ஹெக்சிடின் என்று வேறு மருந்தும் வைத்திருப்பார். ஹைப்போகுளோரைட்டும் குளோர்ஹெக்சிடினும் குழாய்க்குள் கலந்தால் பழுப்பு நிறத்தில் படிவு கட்டிவிடும். எதற்குப் பின் எது என்பது அவருடைய வேலை.

கேள்வி: சிகிச்சையில் தவறு நடந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: முடியும். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சையும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து வழி கேட்கலாம். பில்லில் வெறும் 'ஆர்.சி.டி.' (ரூட் கேனால் சிகிச்சை) என்று மட்டும் இருந்தால், எந்தப் பல், எத்தனை சிட்டிங், என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.