ஆசிரியர் பாடம் நடத்தும் முறை மாணவரின் ஈடுபாட்டை உண்மையில் மாற்றுமா?

நிச்சயமாக மாற்றும். ஆனால் ஸ்மார்ட் போர்டு, செயல்பாட்டு அட்டை போன்றவற்றைக் காட்டிலும், கேள்வி கேட்ட ஆசிரியர் அதன்பின் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்பதே வகுப்பை அதிகம் மாற்றுகிறது என்பது, பாலக்கோடு பகுதி அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் என் உறுதியான கருத்து.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ 1 நொடி மட்டுமே காத்திருப்பது தெரியவந்தது. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் விரிவாக வந்தன, விடையே சொல்லாமல் இருப்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். விடை வந்த பின்பும் சற்றுப் பொறுக்க வேண்டும் என்பது அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு. உடனே ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் யோசனை அத்துடன் நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது, ‘கிலோ 20 ரூபாய் தக்காளி 50 சதவீதம் ஏறி, பிறகு 50 சதவீதம் இறங்கினால் பழைய விலை வருமா?’ என்று கேட்டேன். முன் பெஞ்சிலிருந்து ‘வரும் சார்’ என்று உடனே குரல் வந்தது. நான் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, தக்காளி பயிரிடும் வீட்டுப் பெண் ஒருத்தி பின்வரிசையிலிருந்து, ‘இல்ல சார், 15தான் வரும், முப்பதுலதானே பாதி கொறையுது’ என்றாள். ஒரு நொடியில் நானே விளக்கத் தொடங்கியிருந்தால் அவள் பேசியிருக்கவே மாட்டாள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் படிக்கிறார்கள். கணக்கையும் யோசித்து, சொல்லையும் தேட வேண்டிய அவர்களுக்கு இந்த அவகாசம் இன்னும் அவசியம்.

‘போர்ஷன் முடிய வேண்டாமா?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எனினும் ஒரு பீரியடில் 20 கேள்விகளுக்கு 3 நொடி வீதம் காத்திருந்தாலும் ஆவது ஒரு நிமிடம்தான். அதேசமயம், வாய்ப்பாடு ஒப்பிக்கும் கேள்விக்குக் காத்திருப்பதில் பயனில்லை. கழித்தலே வராத பிள்ளைக்கு முன்னால் காத்திருப்பது அப்பிள்ளையை வதைப்பதாகும். அத்தகைய பிள்ளைகளுக்கு, தொடக்க வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிப்பதைப் போல, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போதெல்லாம் கை தூக்கச் சொல்வதற்கு முன், அனைவரையும் விடையை ரஃப் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்து பார்க்கிறேன். யார் எங்கே தடுக்குகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடுவதால், முதலில் யாரைப் பேச அழைப்பது என்பதையும் முடிவு செய்ய முடிகிறது.