வனமடத்தில் பாம்பும் தேளும்: உங்கள் கேள்விக்கு

வணக்கம். தாய்லாந்தின் உபோன் ராட்சதானி மாகாணத்தில் உள்ள வாட் பா நானாசாட் மடத்தில் தங்கும்போது குடிலுக்குள் தேளோ பாம்போ வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாய்லாந்துப் பௌத்தத் துறவி அஜான் சா 1975-இல் நிறுவிய அம்மடத்தில் விருந்தினரும் கொல்லாமையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதால், தேளை ஒரு கண்ணாடிக் குவளையால் கவிழ்த்து மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாம். பாம்பிடம் அந்த வேலை வேண்டாம். விலகி நின்று துறவியரிடம் சொல்லுங்கள். கடித்துவிட்டால் காயத்தைக் கீறாமல், உறிஞ்சாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய வனமடம் ஒன்றில் நான் தங்கியபோது என்னை உண்மையில் வாட்டியவை எறும்புகளே. இருட்டியபின் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்; செருப்பை உதறிவிட்டு அணியுங்கள்.