குளிர்காலம் வந்தாலே வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது. எப்படிச் சமாளிப்பது?

சளி, விடாத இருமல், தோல் வெடிப்பு, பெரியவருக்கு மூட்டுவலி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ரத்த அழுத்தம் உள்ள அப்பாவையும், வீசிங் வரும் மகளையும் பார்த்துக்கொண்டு பல குளிர்காலங்களைக் கடந்திருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கடுமையான மூக்கடைப்பு. இரவெல்லாம் தூக்கம் இல்லை. மருந்துக்கடையில் சளி மாத்திரை என்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மாலை தலை கனக்கிறது, கிறுகிறுக்கிறது என்றார். வீட்டில் இருந்த மிஷினில் பார்த்தால் பிரஷர் 180/100. வழக்கமாக 130ஐ ஒட்டித்தான் இருக்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "புதுசா என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்பதுதான்.

அதில் இருந்தது சூடோஎஃபெட்ரின். வீங்கிய மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் அது மூச்சுவிட வழி செய்கிறது. ஆனால் அந்தச் சுருக்கம் மூக்கோடு நிற்பதில்லை. குளிரே ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். அதன்மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும்? பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்குச் சளி மருந்து வாங்கும்போது அதைக் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு பல சளி மாத்திரைகளில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும். அதை வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று போட்டால் இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. கல்லீரல் பாதிப்பு, மிகவும் மெலிந்த உடம்பு என்றால் அதைவிடக் குறைவு. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் இப்போது எதையும் கொடுப்பதில்லை.

சரி, அப்படியானால் மூக்கடைப்புக்கு என்னதான் செய்வது? உப்புநீர் சொட்டு மருந்து, தலையைச் சற்று உயர்த்திப் படுப்பது, போதிய தண்ணீர். குளிரில் தாகம் குறைவாகத் தெரியும் என்பதால் பெரியவர்களுக்கு நாமாகத்தான் நினைவூட்ட வேண்டும். மூக்கைத் திறக்கும் ஸ்பிரே மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். குழந்தைகளுக்குப் பாத்திரத்தில் கொதிநீர் வைத்து ஆவி பிடிக்க வேண்டாம். கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் அதிகம்.

சளிக்குக் காரணமான வைரஸ்கள் 200க்கும் மேல் உண்டு. அதிகம் வருவது ரைனோவைரஸ். அது உடம்பின் 37 டிகிரியைவிட மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும். வெளிக்குளிர், கதவை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிப்பது, மூக்கின் உட்படலத்தைக் காயவைக்கும் வறண்ட காற்று எல்லாம் சேரும்போது வீட்டுக்குள் வரிசையாகப் பரவுகிறது. பகலில் சிறிது நேரமாவது ஜன்னலைத் திறந்துவையுங்கள். கையை 20 வினாடி சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இருமல்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2013இல் வந்த ஓர் ஆய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அது சராசரியாக 18 நாள் நீடிக்கிறது என்று காட்டியது. பத்தாம் நாள் இருமுகிறார் என்பதற்காக ஆன்டிபயாடிக் வேண்டாம். வைரஸ் மேல் அது வேலை செய்யாது. சளி பச்சையாக வந்தாலும் அப்படித்தான். அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. இரவு இருமலுக்குத் தேன் நன்றாகக் கேட்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது. காய்ச்சல் என்று குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். இருமல் மூன்று வாரம் தாண்டினால், அல்லது சளியில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஃப்ளூ வேறு. காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் காய்ச்சலும் உடம்பு முழுக்க அடித்துப்போட்ட வலியுமாகப் படுத்துவிடுவார். முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதற்கான வைரஸ் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். தடுப்பூசியை வருடா வருடம் குளிருக்கு முன்பே போட வேண்டும். அது வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

மகளுக்குக் குளிர்ந்த காற்று பட்டாலே நெஞ்சு இறுகும். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மறைத்துத் துணி கட்டிவிடுவேன். தினமும் எடுக்கும் இன்ஹேலரை, "இப்ப நல்லாத்தானே இருக்கா" என்று நிறுத்தியதில்லை. உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலர் எப்போதும் அவள் பையில் இருக்கும்.

தோலுக்குச் சொல்ல அதிகம் இல்லை. கொதிக்கும் நீரில் நீண்ட நேரம் குளிப்பதை விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போதும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். மூட்டுவலி உள்ளவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் விறைப்பு கூடும். வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம், சுடுவதே தெரியாது. அப்புறம், மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே மருத்துவமனை. பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, திடீர்க் குழப்பமான பேச்சு, தணிந்த காய்ச்சல் திரும்ப ஏறுவது என்றாலும் உடனே மருத்துவமனை. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ இறங்கும் வலி என்றால் அதை வாயு என்றோ சளி என்றோ நினைத்துக் காத்திருக்க வேண்டாம். குளிர் மாதங்களில் மாரடைப்பு கூடுகிறது. நள்ளிரவானாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.